புது வைரஸ், பழைய சளி, ஒரு நிமிஷக் கணக்கு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பெங்களூரில் பொட்டி தட்டுகிறவன். வீட்டில் குழந்தை இப்போது மூச்சு விடக் கஷ்டப்படுகிறது என்றால் தயவுசெய்து இதை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மத்தவங்க மேல படிக்கலாம்.

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை. காலையில் ஆபீஸில் மீட்டிங் முடிவதற்குள் எல்லார் போனும் அதிர ஆரம்பித்துவிட்டது. பெங்களூரில் ரெண்டு குழந்தைகளுக்கு ஹெச்.எம்.பி.வி. என்ற வைரஸ். ஒன்று மூணு மாசப் பெண் குழந்தை, இன்னொன்று எட்டு மாசப் பையன். சீனாவில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிவதாக ஏற்கெனவே ஒரு வாரமாக வீடியோக்கள் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப நம்ம ஊர்லயும். டிவியில் சிவப்புப் பட்டையில் 'இந்தியாவின் முதல் கேஸ்'. சாயங்காலத்துக்குள் சென்செக்ஸ் 1,250 புள்ளிக்கு மேல் சரிந்தது. சென்னையில் ஒருத்தர், சேலத்தில் ஒருத்தர் என்று தமிழ்நாட்டுச் செய்தியும் வந்து சேர்ந்தது. என் பக்கத்து சீட்டுக்காரன் மட்டும் "மறுபடியும் வீட்லேர்ந்து வேலையாடா?" என்று கண்ணில் ஒளியோடு கேட்டான். அவனை விடுங்க.

ராத்திரி அக்கா போன். சென்னையில் இருக்கிறாள். அவள் பையனுக்கு அப்போ அஞ்சு மாசம். ரெண்டு நாளா மூக்கு ஒழுகுது, லேசா இருமல்.

"தம்பி, அந்தப் புது வைரஸா இருக்குமோடா?"

நானும் பெரிய மேதாவி மாதிரி கூகிளில் தேடி, படித்து, பயந்து, அவளையும் பயமுறுத்தி, "எதுக்கும் டெஸ்ட் பண்ணிடுக்கா, பேர் தெரிஞ்சுட்டா நிம்மதி" என்று சொன்னேன். 'பேர் தெரிஞ்சுட்டா நிம்மதி.' என் வாயால் சொன்னது. இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இவ்வளவு நாள் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த 'புது' என்ற வார்த்தையைப் பார்ப்போம்.

ஹெச்.எம்.பி.வி.க்கு முழுப்பெயர் ஹியூமன் மெட்டாநியூமோவைரஸ். 2001-ல் நெதர்லாந்தில், ரோட்டர்டாம் நகரத்து விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பெர்னடெட் வான் டென் ஹூகன், ரான் ஃபூஷியர், ஆல்பர்ட் ஓஸ்டர்ஹவுஸ் குழு. அவங்க கண்டுபிடிச்ச விதம் எங்களை மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மூச்சுக்கோளாறோடு வந்த குழந்தைகளின் மூக்குச்சளி மாதிரிகளை இருபது வருஷமாகச் சேர்த்து உறைய வைத்திருந்தார்கள். அதில் 28 குழந்தைகளின் மாதிரி மட்டும் எந்த டெஸ்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. ஃப்ளூ இல்லை, ஆர்.எஸ்.வி. இல்லை, தெரிந்த எதுவுமே இல்லை. ஆனால் குரங்கின் சிறுநீரக செல்களில் வளர்த்தால் ஏதோ ஒன்று மெதுவாக, ரொம்ப மெதுவாக, பத்துப் பதினாலு நாள் எடுத்துக்கொண்டு செல்களைக் கெடுத்தது. வழக்கமாக ஆய்வகங்களில் வைத்திருக்கும் செல்களில் அது சரியாக வளராது. அதனால்தான் அத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. எங்க பாஷையில சொன்னா, லாகில் 'அன்னோன் எர்ரர்' என்று இருபது வருஷமாக விழுந்துகொண்டிருந்த 28 வரிகளை ஒரு குழு உட்கார்ந்து விடாப்பிடியாகத் தோண்டியிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் 'புது வைரஸ்' என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அவங்க இன்னொரு வேலையும் செய்தார்கள். 1958-ல் எடுத்துச் சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை வெளியே எடுத்து, இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. அதாவது கண்டுபிடிப்பதற்குக் குறைந்தது நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே இது மனுஷங்க மூக்கில் குடியிருந்திருக்கிறது. இந்தக் காலத்துக் குழந்தைகளையும் சோதித்ததில் அஞ்சு வயசுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்குமே ஒருதடவையாவது வந்து போயிருக்கிறது. எனக்கு, உங்களுக்கு, அந்த டிவி அறிவிப்பாளருக்கு, எல்லாருக்கும். நமக்கெல்லாம் அதுக்குப் பேரு சளி. இதன் நெருங்கிய சொந்தக்காரன் வான்கோழிகளுக்கு வரும் ஒரு வைரஸ். பறவைகளிடமிருந்து மனுஷனுக்குத் தாவிச் சுமார் இருநூறு வருஷம் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

சரி, 'இந்தியாவின் முதல் கேஸ்'? புனேயில் குழந்தைகளிடம் இதைக் கண்டுபிடித்து இந்திய விஞ்ஞானிகள் ஆய்விதழில் எழுதியது 2004-ல். அந்த 'முதல் கேஸ்' இப்ப காலேஜ் முடிச்சு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீட்லேர்ந்து வேலை கேட்டுக்கிட்டு இருந்தாலும் ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல :-)

நியாயமா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மத்திய அரசு விட்ட அறிக்கையிலேயே இது ஏற்கெனவே உலகம் முழுக்க, இந்தியா உட்படப் பரவியிருக்கிற வைரஸ்தான் என்று இருந்தது. அந்த ரெண்டு குழந்தைகளும் வெளிநாடு போகவில்லை, வழக்கமான கண்காணிப்பில்தான் தெரிய வந்தது, ஒரு குழந்தை ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது, இன்னொன்று தேறி வருகிறது, எல்லாமே அதில் இருந்தது. நான் படிக்கலை. சிவப்புப் பட்டையைத்தான் படிச்சேன்.

ஜனங்க பயந்ததையும் குத்தம் சொல்ல மாட்டேன். 2020-ஐப் பார்த்தவங்க நாம. 2019 கடைசியில் வந்தது நிஜமாவே புதுசு. யாருடைய ரத்தத்திலும் அதுக்கு எதிரா ஒண்ணும் இல்லை, அதனாலதான் அந்த ஆட்டம் ஆடியது. 2003-ல் வந்த சார்ஸும் அப்படித்தான். புதுசா வந்ததுக்கும் புதுசா பேர் வைத்ததுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பழைய ரத்தக் குப்பிகளில் இருக்கிறது. செய்தியில் அந்த வித்தியாசத்துக்கு இடம் கிடைக்கிறதில்லை. ரெண்டுக்கும் ஒரே சிவப்புப் பட்டை, ஒரே பின்னணி இசை.

2001-க்கு அப்புறம் ஒரு பத்து வருஷம் இந்த மாதிரிப் பேர் வைக்கும் விழா வரிசையாக நடந்தது. 2004-ல் ஆம்ஸ்டர்டாமில் லியா வான் டெர் ஹூக் குழு என்.எல்.63 என்ற கொரோனா வைரஸை ஒரு ஏழு மாசக் குழந்தையிடம் கண்டுபிடித்தது. குழந்தைகள் நாய் குரைக்கிற மாதிரி இருமுவாங்களே, அந்த க்ரூப் இருமலோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று அடுத்த வருஷம் சொன்னார்கள். 2005-ல் ஸ்வீடனில் டோபியாஸ் அலாண்டர் குழு போகாவைரஸ். ஏதோ ஆப்பிரிக்க ஊர்ப் பேர் என்று நினைத்தேன், இல்லை. மாட்டுக்கு லத்தீன் வழியில் 'போ', நாய்க்கு 'கா', மாட்டு வைரஸுக்கும் நாய் வைரஸுக்கும் சொந்தம் என்பதால் போ-கா. இவ்வளவுதான் மேட்டர். 2005-லேயே ஹாங்காங்கில் ஹெச்.கே.யு.1. 2007-ல் டபிள்யூ.யு., கே.ஐ. என்று ரெண்டு பாலியோமா வைரஸ்கள். ஊர்ப் பேரு, காலேஜ் பேரு என்று நம்ம ஊர் மாம்பழத்துக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் அந்தப் பத்து வருஷத்தில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மாறியது கருவி. அதுவரை ஒரு வைரஸைப் பிடிக்கணும் என்றால் அதை வளர்க்கத் தெரியணும். அப்புறம் சளியை வடிகட்டி, அதில் மிச்சம் இருக்கும் மனுஷ டி.என்.ஏ.வை நொதி விட்டு அழித்து, மீதி இருக்கிற மரபணுத் துணுக்குகளை எல்லாம் பெருக்கிப் படித்து, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தெரிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. வளர்க்கத் தேவையில்லை. தேடினால் கிடைக்கும், தேடிய இடத்தில் எல்லாம் கிடைத்தது. லாக் லெவலை டீபக்கில் வைத்தால் நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற சர்வரிலும் ஆயிரம் எச்சரிக்கை தெரியும், அந்த மாதிரி.

இங்கேதான் அடுத்த சிக்கல். கிடைத்தது என்பதும் அதுதான் காரணம் என்பதும் ஒண்ணா? ஸ்வீடனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 540 குழந்தைகளைப் பார்த்ததில் 17 பேரிடம் போகாவைரஸ் இருந்தது. அடடா, வியாதிக்குக் காரணம் கிடைச்சாச்சு என்று நினைப்போம். பின்னால் வந்த ஆய்வுகளில் ஜம்மென்று விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் மூக்கிலும் அது இருந்தது. ஒருதடவை வந்தால் மாசக்கணக்கில் தங்குகிறது. இன்னொரு வைரஸோடு கூட்டுச் சேர்ந்துதான் பல நேரம் தெரிகிறது. எது குற்றவாளி, எது சும்மா வேடிக்கை பார்க்க வந்தது? போகாவைரஸும் சில குழந்தைகளுக்கு நிஜமாகவே வியாதி தருகிறது, ஆனால் மூக்கில் இருந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. டபிள்யூ.யு., கே.ஐ. ரெண்டையும் பிடித்து இருபது வருஷம் ஆகப்போகிறது, அதனால் மூச்சு சம்பந்தமான வியாதி வருகிறது என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் எனக்கு 2019-ல் லான்செட்டில் வந்த பெர்ச் என்ற ஆய்வு மேல் பெரிய மரியாதை. வங்கதேசம், தாய்லாந்து, அஞ்சு ஆப்பிரிக்க நாடுகள் என்று மொத்தம் ஏழு நாடு. கடுமையான நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். முக்கியமான விஷயம், அதே ஊர்களில் வியாதி இல்லாத அஞ்சாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மூக்கிலும் அதே டெஸ்டை எடுத்தார்கள். ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் யார் மேல் பழி என்று கணக்குப் போட்டார்கள். விடை: சுமார் 60 சதவீதத்துக்குக் காரணம் வைரஸ்கள். அதில் தனி ஆளாக முதலிடம், சுமார் 31 சதவீதம், ஆர்.எஸ்.வி. நம்ம டிவி ஹீரோ ஹெச்.எம்.பி.வி. பட்டியலில் உண்டு, ஆனால் பங்கில் ஆர்.எஸ்.வி.க்கு ரொம்பப் பின்னால்.

ஆர்.எஸ்.வி.யைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நான் அந்த ஜனவரி வரைக்கும் கேள்விப்பட்டதில்லை. 1956-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது தெரிய வந்தது. அடுத்த வருஷமே ராபர்ட் சானக் குழு அது குழந்தைகளிடமும் இருப்பதைக் காட்டியது. 2019-க்கான உலகக் கணக்கு இது: அந்த ஒரு வருஷத்தில் அஞ்சு வயசுக்குள்ள குழந்தைகளில் சுமார் 3.3 கோடிப் பேருக்கு ஆர்.எஸ்.வி.யால் நுரையீரல் வரை தொற்று, 36 லட்சம் பேர் ஆஸ்பத்திரியில், இறப்பு ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில். ஹெச்.எம்.பி.வி.க்கு 2018-க்கான அதே மாதிரிக் கணக்கில் இறப்பு சுமார் 16,100. அதுவும் சின்ன எண் இல்லை, ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுக் குழந்தை. ஆனா ஒண்ணு யோசிங்க. வருஷம் ஒரு லட்சத்துக்கு ஒரு புள்ளிகூட அசையாத சென்செக்ஸ், எந்த வருஷமும் இருக்கிற ஒரு சளி வைரஸின் பேரைக் கேட்டு 1,250 புள்ளி விழுது. செத்த எண்ணிக்கைக்கும் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. பேர் பழகிடுச்சா, பயம் போயிடுச்சு. பேர்கூடத் தெரியாதா, பயப்படவே வாய்ப்பில்லை.

அக்கா கதைக்கு வர்றேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவும் அத்தானும் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். எந்த கிளினிக் என்பது வேண்டாம், கூட்டம் அப்படி, அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. ஒரு ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்தாங்க. கூடவே அந்த டெஸ்ட். மூக்கில் ஒரு குச்சி, இருபது கிருமிக்கு மேல் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம் ரூபாய். நான்தான் ஜி-பே பண்ணினேன். தாய்மாமன் சீர் :-(

புதன் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பி.டி.எஃப்.பைத் திறந்து கண் நேராக அந்த ஒரே வரிக்குப் போனது. ஹெச்.எம்.பி.வி., 'இல்லை'. அவ்வளவுதான். குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரே கும்பிடு பொம்மைகள். அம்மா திருநெல்வேலியிலிருந்து பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். அக்கா நாலு நாளைக்கு அப்புறம் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டேன் என்றாள். நான் போனை வைத்துவிட்டு ஒரு தம் டீ போட்டுக் குடித்தேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆச்சி பேரனைப் பார்க்கணும் என்று வீடியோ கால் கேட்டிருக்கிறாள். எங்க ஆச்சிக்கு எண்பத்தி ரெண்டு. வைரஸ் என்றால் என்னவென்று தெரியாது. அக்கா பையனைக் காட்டி, "ஒண்ணுமில்லையாம் ஆச்சி, டெஸ்டு எடுத்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, ஆச்சி பேச்சைக் காதில் வாங்காமல் சொன்னது:

"ஏட்டி, சட்டையைத் தூக்கு. பிள்ளைக்கு விலா உள்ள போகுது பாரு. பால் குடிச்சானா?"

குடிக்கவில்லை. மத்தியானத்திலிருந்தே ரெண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிடுகிறான், தூக்கம் என்று நினைத்தார்களாம். சட்டையைத் தூக்கினால் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழும்புகிறது.

பத்தரைக்கு வேறொரு ஆஸ்பத்திரி. அந்த டாக்டரம்மா செய்ததை அக்கா அப்புறம் எனக்கு நாலு தடவை சொல்லியிருக்கிறாள். ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. பையன் சட்டையைக் கழற்றச் சொல்லி, கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிஷம் சும்மா நின்றார்களாம். அறுபத்தி நாலு. அப்புறம்தான் விரலில் மீட்டர் மாட்டினார்கள், ஆக்சிஜன் 89. உடனே அட்மிஷன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பால் குடிக்க முடியாததால் இன்னொரு குழாய். மூணு ராத்திரி.

பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். நுரையீரலின் கடைசிக் கிளைகளான மெல்லிய குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்வது. நமக்கு அந்தக் குழாய் கொஞ்சம் வீங்கினால் இருமிவிட்டு வேலையைப் பார்ப்போம். அஞ்சு மாசக் குழந்தைக்கு அந்தக் குழாயே நூல் தண்டி, கொஞ்சம் வீங்கினாலே பாதி வழி அடைபட்டுவிடும். அதனால் அதே வைரஸ் அத்தானுக்கு மூக்கொழுகல், பையனுக்கு ஆக்சிஜன். ஆமாம், அத்தான் ஒரு வாரமாகத் தும்மிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தும்மிக்கொண்டே பிள்ளையைக் கொஞ்சியும் இருக்கிறார். சீனாவிலிருந்து வருமோ என்று நாங்க டிவியையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வரியைப் பாக்கலையா?" என்று விரலை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹெச்.எம்.பி.வி. வரிக்கு நாலு வரி கீழே. ஆர்.எஸ்.வி., 'உள்ளது'. அதே பக்கம்தான். மூணு பேர் படித்தோம், மூணு பேரும் இன்ஜினியர்கள். டிவியில் சொன்ன பேர் இல்லை என்பதால் அந்த வரி எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

அக்கா அழுதுவிட்டாள். அப்போ அந்த டாக்டர் சொன்னது: "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் நான் இதேதாம்மா செஞ்சிருப்பேன். இதுக்குன்னு மருந்து ஒண்ணும் இல்ல. ஆக்சிஜனும் பாலும்தான், மிச்சத்தை அவனே பாத்துப்பான்." அந்த ஆன்டிபயாடிக் சிரப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒண்ணும் செய்யாது.

அதனால் என் கட்சி இதுதான். நடுராத்திரி குழந்தையை மடியில் வைத்திருக்கிற பெற்றோருக்கு வைரஸின் பேர் பெரும்பாலும் தேவையில்லை. மூச்சைப் பார்க்கத் தெரியணும். இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. 1980-களில் ஃப்ராங்க் ஷான் என்ற குழந்தை டாக்டர் பப்புவா நியூ கினியில் வேலை பார்த்தார். எக்ஸ்ரே கிடைக்காத மலைப்பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் எதை வைத்து நிமோனியாவை முடிவு பண்ணுவது? அவர் காட்டியது, மூச்சின் வேகத்தை எண்ணினாலும் நெஞ்சு உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தாலும் பெரும்பாலும் போதும். அதிலிருந்துதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வந்தது. ரெண்டு மாசத்துக்குள் என்றால் நிமிஷத்துக்கு 60, ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை 50, ஒண்ணிலிருந்து அஞ்சு வயசு வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். பதினைஞ்சு செகண்ட் எண்ணி நாலால் பெருக்கிற வேலை வேண்டாம், குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது. நெஞ்சு உள்ள போறது, பால் குடிக்க முடியாம போறது, முனகறது, உதடு நீலம் பாயறது, எழுப்பினா எழும்பாம கிடக்கறது, இதில் ஒண்ணு இருந்தாலும் எண்ணிக்கிட்டு நிற்க வேண்டியதில்லை, கிளம்பணும்.

இதை ஏன் எந்த சேனலும் அந்த வாரம் ஒரு நிமிஷம் காட்டவில்லை என்பதுதான் என் கோபம். சீன ஆஸ்பத்திரி வீடியோவை ஒரு நாளைக்கு நூறு தடவை போட்டவங்க, ஒரு குழந்தையின் நெஞ்சு பள்ளம் விழுவது எப்படி இருக்கும் என்று ஒருதடவை காட்டியிருந்தால், புதன் மத்தியானமே அக்கா கிளம்பியிருப்பாள். அரைநாள். என்ன ஆயிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஆச்சி சொன்னதால் பாட்டி வைத்தியமே உசத்தி என்று எழுதப்போறேன்னு நினைச்சா, இல்லை. இதே ஆச்சிதான் பிள்ளைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொல்வது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தனியாக ஒரு நிமோனியா வரும். ஆச்சியின் கண்ணை நம்பறேன், கையை இல்ல.

பேர் வைக்கிற விஞ்ஞானிகளைக் கிண்டல் பண்ணுவதாகவும் எடுத்துக்காதீங்க. பேர் யாருக்கு வேணும்னா, நாளைய குழந்தைகளுக்கு வேணும். ஆர்.எஸ்.வி. கதையே சாட்சி. 1957-ல் குழந்தைகளிடம் பார்த்தாச்சு. 1966-ல் ஃபார்மலினில் செயலிழக்க வைத்த வைரஸைக் கொண்டு ஒரு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். விளைவு பயங்கரம். ஊசி போட்ட குழந்தைகளுக்கு அப்புறம் நிஜ வைரஸ் வந்தபோது போடாதவங்களைவிட மோசமானது, பெரும்பாலானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று, ரெண்டு குழந்தைகள் இறந்தே போனார்கள். அதுக்கப்புறம் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி என்றாலே பல வருஷம் எல்லாருக்கும் பயம். 2013-ல்தான் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழு அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் நுழைவதற்கு முந்தைய வடிவத்தைப் படம் பிடித்தது. பூட்டைத் திறந்த பிறகு சாவி வேற வடிவத்துக்கு மாறிவிடுகிறது, நாம இத்தனை நாளாக உடம்புக்கு மாறின சாவியைக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். முதல் வடிவத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கிற அந்த யுக்தி பின்னாடி பல கோவிட் தடுப்பூசிகளுக்கும் போனது. கர்ப்பிணிகளுக்குப் போட்டால் பிறக்கிற குழந்தையைக் காக்கும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. பச்சைக் குழந்தைக்கே நேராகப் போடும் ஆன்டிபாடி ஊசி நிர்செவிமாபுக்கும் அங்கே அதே வருஷம். பேர் வைத்ததிலிருந்து இந்த ஊசிகள் வர்ற வரைக்கும் அறுபது வருஷத்துக்கு மேல். நாங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ் விட்டுட்டு அலுத்துக்கிறோம்.

பாக்டீரியா பக்கமும் பழைய பேர்தான் கைகொடுத்தது. ஹிப் கிருமிக்கான மருந்தும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதலில் ஆரம்பித்தது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும், 2011 டிசம்பரில். நியூமோகாக்கஸ் கிருமிக்கான பி.சி.வி. ஊசி 2017-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து 2021-ல் நாடு முழுக்க அரசு அட்டவணைக்கு வந்தது. இலவசம். அட்டையை எடுத்து விட்டுப்போனது ஏதாவது இருக்கா பாருங்க. இதுக்கு சிவப்புப் பட்டை போட்டு யாரும் சொல்லித் தரமாட்டாங்க.

அடுத்த 'புது வைரஸ்' செய்தி கண்டிப்பா வரும். ஏதாவது ஒரு ஊர்ல ஏதாவது ஒரு லாப்ல இப்பவே ஒரு சளி மாதிரி வரிசையில் நிக்குது. அப்ப நான் முதலில் தேடப்போறது ஒரே ஒரு விஷயம், பழைய ரத்தத்தில் பார்த்தாங்களா, அங்க இருந்துச்சா இல்லையா. இல்லைன்னா பயப்படறேன். இருந்துச்சுன்னா அடுத்த மீட்டிங்குக்குப் போறேன்.

பையன் நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டான். இப்ப நடக்கிறான், ரிமோட்டை ஒளிச்சு வைக்கிறான். போன வாரம் மறுபடி சளி. அக்கா டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்கவில்லை. தூங்குறவனின் பனியனைத் தூக்கிவிட்டு, அசையாமல் ஒரு நிமிஷ வீடியோ எடுத்து எனக்கும் ஆச்சிக்கும் அனுப்பினாள். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைச்சுட்டு எண்ணினேன். முப்பத்தி ரெண்டு. ஆச்சி எண்ணவில்லை போல. "மூக்குல எண்ணெய் விடு"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.